பழ ஐஸ்கிரீம் சோடா வீட்டில் சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

பழ சிரப், சோடா, ஐஸ்கிரீம் என மூன்றே சாமான்தான். ஆனால் ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும் 40 டிகிரி தாண்டும் வெய்யக்காலத்தில், விருந்தாளி வந்து உட்கார்ந்தபிறகு அவசரமாகக் கலந்தால் பொங்கி வழியும், திரியும், கசக்கும், சப்பென்று போகும். இந்தக் கோளாறுகளில் பாதிக்குக் காரணம் முந்தின நாள் ராத்திரியே ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியதை வைக்காமல் விட்டதுதான். அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் குளிர்ச்சியைச் சரிபாருங்கள், அப்புறம் மற்றது.

கீழே வரும் திருத்தங்கள் எல்லாம் இந்த அளவை அடிப்படையாக வைத்துச் சொன்னவை.

350 மில்லி பிடிக்கும் உயரமான கண்ணாடி டம்ளருக்கு: பழ சிரப் 45 மில்லி (3 மேசைக்கரண்டி), சாதா சோடா 150 மில்லி, வெனிலா ஐஸ்கிரீம் 2 உருண்டை, ஒவ்வொன்றும் சுமார் 60 மில்லி.

சிரப்புக்கு: வடிகட்டிய பழக்கூழ் 250 கிராம், சர்க்கரை 250 கிராம், தண்ணீர் 60 மில்லி. எவர்சில்வர் போசியில் வைத்து, கொதி வந்தபின் சிறு தீயில் 5 நிமிடம். ஆறியதும் எலுமிச்சைச் சாறு 1 தேக்கரண்டி. சுமார் 400 மில்லி கிடைக்கும், 8 அல்லது 9 டம்ளருக்குக் காணும்.

கலக்கும் வரிசை: டம்ளரில் சிரப், அதில் ஒரு தேக்கரண்டி ஐஸ்கிரீமைப் போட்டு மசித்துக்கொள்ளவும். 30 மில்லி சோடா விட்டுக் கலக்கவும். நுரை எழுந்து அடங்கட்டும். மீதிச் சோடாவை டம்ளரைச் சாய்த்துப் பிடித்து ஓரமாக ஊற்றவும். கடைசியில் ஐஸ்கிரீம் உருண்டைகள்.

நுரை பொங்கி மேசையெல்லாம் வழிகிறது

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். சோடாவுக்குள் கரைந்திருக்கும் வாயு தானாக வெளியே வருவதில்லை. பிடித்துக்கொண்டு குமிழாக வளர அதற்கு ஒரு சொரசொரப்பான இடம் வேண்டும். ஐஸ்கிரீமில் அந்த இடம் ஏராளம்: பனிப்படிகம், அடைபட்ட காற்றுக்குமிழி, பழ நார் எல்லாமே வாயுவுக்குப் பிடிமானம்தான். சாதாரணத் தண்ணீராக இருந்தால் குமிழி மேலே வந்து உடைந்துவிடும். இங்கே பால் புரதமும், ஐஸ்கிரீமில் சேர்க்கும் கோந்து வகைகளும் குமிழியைச் சுற்றித் தோல் போட்டு உடையவிடாமல் காக்கின்றன. நுரை வருவது நல்லதுதான். இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு நின்றால் போதும், அதற்கு மேல் போனால் கீழே உள்ளவற்றைப் பாருங்கள்.

சோடா வெதுவெதுப்பாக இருந்ததா? 0 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1.7 லிட்டர் கரியமில வாயுவைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் அதே தண்ணீர் 0.7 லிட்டருக்கும் குறைவாகத்தான் பிடிக்கும். கடையில் வெளியே அடுக்கி வைத்திருந்த பாட்டிலை வாங்கி வந்து அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் பத்தாது. குறைந்தது 6 மணி நேரம், முடிந்தால் ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜின் அடித்தட்டில் இருக்க வேண்டும். அவசரத்துக்கு ஐஸ் கட்டியும் தண்ணீரும் பாதிக்குப் பாதி போட்ட அண்டாவில் பாட்டிலை முக்கி 25 நிமிடம் வைக்கலாம். ஃபிரீசரில் மட்டும் வைக்காதீர்கள். உறைந்து விரிந்தால் கண்ணாடி பாட்டில் வெடிக்கும்.

சோடாவை ஒட்டுக்கா ஊற்றினீர்களா? மேலே சொன்னபடி முதல் 30 மில்லியைத் தனியாக ஊற்றுவது அதற்காகத்தான். சிரப்பும் மசித்த ஐஸ்கிரீமும் கிளப்பும் முதல் வேகம் அந்தக் கொஞ்சச் சோடாவிலேயே தீர்ந்துவிடும். 20 வினாடி பொறுத்தால் நுரை அமரும். அதன்பின் ஊற்றுவது அடக்கமாக இருக்கும்.

உருண்டை எப்படி இருந்தது? கரண்டியைத் தண்ணீரில் நனைத்து உதறிவிட்டு எடுத்தால் உருண்டையின் மேல்புறம் வழவழப்பாக வரும். பிய்த்துப் போட்டதுபோல் கரடுமுரடாக இருந்தால் நுரை இரட்டிப்பாகும். டப்பாவின் மேல் வெள்ளையாகப் பனி படிந்திருந்தால் அதை முதலில் சுரண்டி எறிந்துவிட்டு அடியில் இருப்பதை எடுங்கள். உருண்டையை மேலிருந்து போடாமல் நீளக் கரண்டியில் வைத்து மெல்ல இறக்குங்கள்.

கூழ் வடிகட்டாத மாம்பழ சிரப், விதைத்துணுக்கு நிற்கும் கொய்யா சிரப், சப்ஜா விதை, டூட்டி ஃப்ரூட்டி, ஒரு சிட்டிகை உப்பு ஆகிய எல்லாமே பொங்கலைக் கூட்டும். சப்ஜா வேண்டுமென்றால் 20 நிமிடம் ஊறவைத்து, நுரை அமர்ந்தபிறகு ஒரு கரண்டி மேலே விடுங்கள். சர்க்கரைக்குப் பதிலாக நாட்டுச்சர்க்கரை போடுகிறவர்கள் இங்கே நிறைய பேர், கவுந்தப்பாடிச் சர்க்கரையின் மணம் கொய்யாவோடு அருமையாகச் சேரும். ஆனால் அதில் கண்ணுக்குத் தெரியாத தூசும் துகளும் இருக்கும். பாகு காய்ச்சியதும் மெல்லிய வேட்டித் துணியில் இரண்டாக மடித்து வடிகட்டினால் பாதிப் பொங்கல் குறையும்.

நுரையே எழவில்லை, சோடா செத்துக் கிடக்கிறது

2 லிட்டர் பாட்டிலைத் திறந்து நாலு பேருக்கு ஊற்றிவிட்டு மூடி வைத்ததை மறுநாள் எடுத்தால் இப்படித்தான். பாட்டிலில் காலி இடம் கூடக் கூட வாயு தண்ணீரை விட்டு அந்த இடத்துக்குப் போய்விடும். இரண்டு டம்ளருக்கு 300 மில்லி சிறிய பாட்டிலே கணக்கு. கோலி சோடா கிடைத்தால் அதுவும் மேல்தான், ஒரு பாட்டில் ஒரு டம்ளருக்கு என்று உடைத்த கையோடு ஊற்றிவிடலாம்.

சோடா மெஷின் வைத்திருப்பவர்கள் குளிர்ந்த தண்ணீரில் மட்டும் கேஸ் ஏற்றவும். கொதிக்கவைத்து ஆறவைத்துக் குளிரவைத்த தண்ணீர் இன்னும் நல்லது. தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று கொதியில் போய்விடுவதால் கேஸ் நிலைத்து நிற்கும். ஏற்றியபின் மூடி போட்டு அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் விட்டுத் திறக்கவும். சிரப்பையோ பாலையோ பாட்டிலில் ஊற்றி அதன்மேல் கேஸ் ஏற்றவே கூடாது. பொங்கி மெஷினின் குழாய்க்குள் ஏறிவிடும்.

வாயு நன்றாக இருந்தும் நுரை மட்டும் நிற்காமல் உடனே உடைகிறதா? டம்ளரை முகர்ந்து பாருங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு சரியாக அலசாமல் இருந்தாலோ, அடுப்படித் துணியில் துடைத்ததால் எண்ணெய்ப் பசை ஒட்டியிருந்தாலோ நுரை உடையும். வெந்நீரில் அலசி, துடைக்காமல் கவிழ்த்து உலரவிட்டால் போதும்.

பால் திரிந்த மாதிரி வெள்ளைத் துணுக்குகள் மிதக்கின்றன

ஐஸ்கிரீம் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். நடந்தது புளிப்புக் கணக்கு. பாலின் அமில அளவு (pH) சுமார் 6.7. இந்த எண் இறங்க இறங்கப் புளிப்பு கூடும். அது 4.6-க்கு இறங்கினால் கேசின் என்ற பால் புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் துணுக்காகும். எலுமிச்சைச் சாறு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்கிறது. திராட்சை 3-ஐ ஒட்டி. சாதா சோடாவே 4-க்குப் பக்கத்தில்தான். மூன்றும் சேர்ந்தால் திரியாமல் என்ன செய்யும்?

ஆனால் இதில் நமக்குச் சாதகமான ஒன்று உண்டு. 4 டிகிரி குளிரில் பாலைப் புளிப்பாக்கினாலும் அது உடனே திரியாது, சூடு ஏறும்போதுதான் திரியும். ஆகவே புளிப்புப் பழத்துக்கு டம்ளர், சிரப், சோடா மூன்றும் ஃபிரிட்ஜ் குளிரில் இருக்க வேண்டும். டம்ளரை 20 நிமிடம் ஃபிரீசரில் வையுங்கள். கலந்து கொடுத்ததை 5 நிமிடத்துக்குள் குடித்துவிடச் சொல்லுங்கள். குழந்தைகள் பாதி குடித்துவிட்டு விளையாடப் போய்த் திரும்பி வந்தால் திரிந்துதான் இருக்கும்.

எலுமிச்சை மணம் மட்டும் போதுமென்றால் சாற்றையே விட்டுவிடலாம். 2 பழத்தின் மஞ்சள் தோலை மட்டும் (உள்ளே வெள்ளைப் பகுதி வராமல்) துருவி, 250 கிராம் சர்க்கரையில் கையால் கசக்கி 1 மணி நேரம் வையுங்கள். 150 மில்லி வெந்நீர் ஊற்றிக் கரைத்து வடிகட்டுங்கள். மணம் முழுக்க இருக்கும், புளிப்பு இருக்காது, துளியும் திரியாது. எலுமிச்சையில் நாங்கள் பரிந்துரைப்பது இந்த முறையை மட்டுமே.

நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் சாலைக் கடைகளுக்கு வரும் பிளம்ஸில் புளிப்பு தோலில்தான் அதிகம். நிறத்துக்காகத் தோலோடு வேகவைத்து, மசிக்காமல் தோலை எடுத்துவிட்டுக் கூழை வடிகட்டவும். நாவல் பழத்தில் புளிப்போடு துவர்ப்பும் சேர்ந்து புரதத்தைப் பிடித்து இழுக்கும். அதற்கு சிரப்பை 45 மில்லியிலிருந்து 30 ஆகக் குறைத்துவிடுங்கள்.

வீட்டில் காய்ச்சிய குல்பியும், கோந்து சேர்க்காத வீட்டு ஐஸ்கிரீமும் கடை ஐஸ்கிரீமைவிடச் சீக்கிரம் திரியும். கடைச் சரக்கில் உள்ள கோந்து புரதத்தைக் கொஞ்ச நேரம் பிரித்து வைத்திருக்கும்.

கசக்கிறது

எந்தப் பழம் என்பதைப் பொறுத்து மூன்று வெவ்வேறு காரணம்.

அன்னாசி: இதில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. பால் புரதத்தை வெட்டித் துண்டாக்கும், அந்தத் துண்டுகள்தான் கசக்கும். கொல்லிமலை அன்னாசி எவ்வளவு தேனாக இருந்தாலும் பச்சையாக அரைத்து ஊற்றினால் பத்து நிமிடத்தில் கசப்பு தட்டும். கூழை நன்றாகக் கொதிக்கவிட்டு 5 நிமிடம் வைத்தால் நொதி செயலிழக்கும். ஓரம் மட்டும் கொதித்து நடுவில் வெதுவெதுப்பாக இருந்தால் பத்தாது, கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். சந்தேகமென்றால் ஒரு கரண்டி சிரப்பை ஆறவைத்து, 2 கரண்டி காய்ச்சி ஆறிய பாலில் கலந்து கால் மணி நேரம் விட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் மறுபடி கொதிக்கவிடுங்கள்.

பப்பாளி: இங்கே நொதியின் பெயர் பப்பாயின். காயில் அதிகம், கனியக் கனியக் குறையும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 2, கோ 5 ரகங்களில் பச்சைக் காயைக் கீறிப் பால் இறக்குவதே இந்தப் பப்பாயினுக்காகத்தான். தோலில் பச்சை நிற்காத, அழுத்தினால் அமுங்கும் பழமாக எடுத்து, காம்புப் பக்கம் இரண்டு விரல் அகலம் வெட்டி எறிந்துவிட்டு, அன்னாசிபோலவே கொதிக்கவைக்கவும்.

சாத்துக்குடி: இதில் நேர் எதிர், கொதிக்கவைத்தால்தான் கசக்கும். பிழிந்த சாற்றில் இருக்கும் கசப்பில்லாத ஒரு பொருள், புளிப்பில் கிடந்து நேரம் ஆக ஆக லிமோனின் என்ற கசப்பாக மாறும். சூடு அதை விரைவுபடுத்தும். சர்க்கரைப் பாகைத் தனியாகக் காய்ச்சி முழுக்க ஆறவைத்து, ஊற்றும் நேரத்தில் சாறு பிழிந்து கலக்கவும். மிக்ஸியில் கொட்டையோடு அடிக்க வேண்டாம், மரப்பிழியானில் அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம்.

பன்னீர் திராட்சை சிரப் சாம்பல் நிறமாகிறது

தொண்டாமுத்தூர்ப் பக்கத்துப் பன்னீர் திராட்சை இந்தப் பானத்துக்கென்றே விளைந்ததுபோல் மணக்கும், ஆனால் நிறம் ஏமாற்றும். அதன் தோலில் உள்ள நிறமி புளிப்பில் சிவப்பாகவும், பால் சேர்ந்து புளிப்பு குறையும்போது ஊதாவாகவும், இன்னும் குறைந்தால் நீலச் சாம்பலாகவும் மாறும். சிரப்பில் எலுமிச்சைச் சாற்றை 1 தேக்கரண்டியிலிருந்து 2 ஆக்குங்கள். ஐஸ்கிரீமை மசித்துக் கலக்கும் முதல் கட்டத்தை இந்தப் பழத்துக்கு மட்டும் விட்டுவிட்டு உருண்டையை மேலே மிதக்கவிடுங்கள். அடியில் சிவப்பும் மேலே வெள்ளையுமாகத் தனித்தனியாக நிற்கும்.

இரும்பு வாணலியிலோ அலுமினியப் போசியிலோ காய்ச்சினாலும் நிறம் கறுக்கும். உப்புத் தண்ணியில் காய்ச்சினாலும் அதே கதிதான். ஆழ்குழாய்த் தண்ணீரின் காரத்தன்மை புளிப்பைத் தின்றுவிடும்.

உப்புச் சுவை, சோப்பு வாடை

ஆப்ப சோடாவும் எலுமிச்சை உப்பும் போட்டுக் குமிழ வைத்த தண்ணீரைச் சோடாவாகப் பயன்படுத்தினால் இப்படி வரும். குமிழி போனபின் மிஞ்சுவது சோடியம் சிட்ரேட் என்ற உப்பு, அதை எந்த சிரப்பாலும் மறைக்க முடியாது. செரிமானத்துக்கு விற்கும் உப்புப் பொட்டலங்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. சீர்செய்ய வழியில்லை, கடைச் சோடா வாங்குங்கள்.

மெஷின் சோடாவில் லேசாகச் சப்பு தட்டினால் தண்ணீரைப் பாருங்கள். திருப்பூர், பல்லடம், அவிநாசிப் பக்கம் பல வீடுகளில் இரண்டு குழாய் இருக்கும், சோடாவுக்கு ஆத்துத் தண்ணிக் குழாய்தான். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளுக்கு இந்தத் தொல்லையே இல்லை. குளோரின் வாடை அடித்தால் திறந்த பாத்திரத்தில் ராத்திரி முழுக்க வைக்கவும்.

சிரப் அடியில் தங்கிவிடுகிறது, கடைசி மடக்கு மட்டும் திகட்டுகிறது

பாதிக்கு மேல் சர்க்கரை உள்ள சிரப் தண்ணீரைவிடக் கால் பங்கு கனம். தானாகக் கலக்காது. முதல் 30 மில்லி சோடாவில் நன்றாகக் கரைத்துவிட்டால் தீர்ந்தது. முழுக்க ஊற்றியபின் கலக்கினால் கேஸ் போய்விடும்.

மொத்தமுமே திகட்டினால் பாட்டிலில் ‘ஐஸ்கிரீம் சோடா’ என்று விற்கும் இனிப்புச் சோடாவையோ பன்னீர் சோடாவையோ ஊற்றியிருப்பீர்கள். அவற்றில் ஏற்கெனவே சர்க்கரையும் மணமும் உண்டு. அதுதான் வேண்டுமென்றால் சிரப்பை 15 மில்லியாகக் குறைக்கவும்.

கொய்யா, பிளம்ஸ் சிரப் ஃபிரிட்ஜில் ஜெல்லியாக இறுகினால் பயப்பட வேண்டாம், அந்தப் பழங்களில் பெக்டின் அதிகம். 2 மேசைக்கரண்டி வெந்நீர் விட்டு அடித்தால் இளகும். அடுத்த முறை 5 நிமிடத்துக்குப் பதில் 3 நிமிடம் காய்ச்சவும்.

ஐஸ்கிரீம் மூழ்குகிறது, அல்லது நிற்காமல் கரைகிறது

மிதப்பதற்குக் காரணம் உள்ளே அடைத்த காற்று. ஐஸ்கிரீம் என்று பெயர் போட்டு விற்க இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி லிட்டருக்குக் குறைந்தது 525 கிராம் எடை வேண்டும், அதாவது கிட்டத்தட்ட பாதிவரை காற்று இருக்கலாம். குல்பியில் காற்று இல்லாததால் கல்போல் இறங்கிவிடும். டப்பாவில் மில்லியும் கிராமும் இரண்டும் அச்சிட்டிருந்தால் வகுத்துப் பாருங்கள். 700 மில்லிக்கு 380 கிராமுக்குப் பக்கத்தில் இருந்தால் நன்றாக மிதக்கும், ஆனால் விரைவில் கரையும். 450 கிராமுக்கு மேல் இருந்தால் கொஞ்சம் அமிழ்ந்து நின்று நேரம் பிடிக்கும். சோடாவுக்கு இரண்டாவதுதான் எங்கள் தேர்வு.

அதே டப்பாவில் ‘ஃபுரோசன் டெசர்ட்’ என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஐஸ்கிரீமில் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். ஃபுரோசன் டெசர்டில் தாவரக் கொழுப்பு இருக்கும். குளிர்ந்த சோடாவோடு அது வாயில் உருகாமல் மேலண்ணத்தில் பிசுபிசுவென்று ஒட்டும்.

மணல்போல் நறநறத்தால் உருகி மறுபடி உறைந்த ஐஸ்கிரீம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலையிலிருந்து சாயங்காலம்வரை கரண்ட் இருக்காது. அன்றைக்கு ஃபிரீசரைத் திறக்காதீர்கள், டப்பாவை ஐஸ் கட்டித் தட்டுகளுக்கு நடுவில் வைத்துத் துணி சுற்றி விடுங்கள். முழுக்க உருகிவிட்டதைத் திரும்ப உறையவைத்துச் சாப்பிடக் கூடாது, அது நறநறப்போடு நிற்காது, வயிற்றையும் கெடுக்கும்.

தண்ணியாக இருக்கிறது

டம்ளரில் ஐஸ் கட்டி போட்டிருப்பீர்கள். எல்லாமே குளிர்ந்திருந்தால் ஐஸ் கட்டிக்கு வேலையில்லை.

சிரப் பாட்டிலைத் திறந்தால் ‘டப்’ என்கிறது

புளித்துவிட்டது. ஈஸ்ட் உள்ளே கேஸ் உண்டாக்குகிறது. மேலே சொன்ன அளவில் காய்ச்சிய சிரப், வெந்நீரில் அலசி உலர்த்திய பாட்டிலில், ஃபிரிட்ஜில் 10 நாள் தாங்கும். வெளியே ஒரு நாள்கூட வைக்க வேண்டாம். புளித்த சிரப் உள்ள கண்ணாடி பாட்டில் வெடிக்கவும் செய்யும். துணி சுற்றி மெல்லத் திறந்து கொட்டிவிடுங்கள். சாத்துக்குடி மாதிரிக் கொதிக்காத சாறு கலந்ததை அன்றைக்கே முடித்துவிடவும்.

நோம்பி நாளில் 20 பேருக்கு

சோடா 3 லிட்டர், சிரப் 900 மில்லி, ஐஸ்கிரீம் இரண்டரை லிட்டர். வழியக் கூடியதைக் கணக்கில் சேர்த்து சோடா அரை லிட்டர் கூட வாங்கவும். உருண்டைகளை முந்தின நாளே எடுத்து, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் அடுக்கி ஃபிரீசரில் கல்லாக உறையவிடுங்கள். விருந்து நேரத்தில் டப்பாவைத் திறந்து மூடி இளக்க வேண்டியதில்லை. டம்ளர்களை வரிசையாக வைத்து எல்லாவற்றிலும் சிரப்பும் முதல் 30 மில்லி சோடாவும் ஊற்றி முடித்தால், கடைசி டம்ளருக்கு வரும்போது முதல் டம்ளரின் நுரை அமர்ந்திருக்கும். அங்கிருந்து மறுபடி தொடங்கி ஐந்தைந்தாக நிரப்பிக் கையில் கொடுங்கள்.